சேலத்தில் வெளிநாட்டுப் பணம் வாங்குவது: மூன்று முறை மலையிறங்கியவள் எழுதும் வழிகாட்டி

அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரக் கிளம்பினார்கள். விசாவையும் டிக்கெட்டையும் அக்கா பார்த்துக்கொண்டாள். என் தலையில் விழுந்தது ஒரே வேலை: கைச்செலவுக்கு 800 சிங்கப்பூர் டாலர் வாங்கிக் கொடுப்பது. அரை நாளில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு மூன்று முறை இறங்கி ஏற வேண்டியதாயிற்று. ஒரு தடவைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. போக வர 40. அதில் ஒரு தடவை அம்மாவும் கூட வந்தார். நாலாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டவர், அடிவாரம் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

முதல் இரண்டு தடவையும் என்னைத் திருப்பி அனுப்பியது டாலர் விலை இல்லை, காகிதமும் பணம் கட்டும் முறையும்தான். முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். சேலம் டவுனில் இருப்பவர்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. கிளம்புவதற்கு முன் போன் போடுங்கள்

மலையில் இருக்கும் வங்கிக் கிளைகளில் முதலில் கேட்டேன். வெளிநாட்டு நோட்டு இங்கே வைத்திருப்பதில்லை, சேலத்தில் கேளுங்கள் என்றார்கள். சேலத்திலும் வங்கியின் எல்லாக் கிளைகளிலும் இது நடக்காது. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை எது என்று உங்கள் வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தங்களிடம் கணக்கு இருந்தால்தான் தருவோம் என்று சொல்லும் வங்கிகளும் உண்டு. இன்னொரு வழி, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடை. உரிமத்தின் நகலைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருப்பார்கள். மாட்டியிருக்கவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை இவை. எனக்கு வேண்டிய நாட்டுப் பணம் இன்று கையிருப்பில் இருக்கிறதா? 800 டாலருக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் ஆகும்? என்னென்ன ஆவணம், அசலா நகலா? பயணம் போகிறவர் நேரில் வர வேண்டுமா? பணத்தை எப்படிக் கட்டுவது, யார் கணக்கிலிருந்து? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். அதை நான் கேட்கவில்லை, அதற்கான தண்டனை ஐந்தாவது படியில் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளிநாடு போவது தெரிந்ததும், "என் மச்சான் லீவுக்கு வந்திருக்கான், டாலர் வச்சிருக்கான், கடையை விடக் கம்மியாத் தருவான்" என்று ஒருவராவது சொல்வார். எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம். உரிமம் இல்லாதவரிடம் வெளிநாட்டுப் பணம் வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது. கையில் ரசீது இருக்காது. நோட்டு கள்ளநோட்டாக இருந்துவிட்டால் அது தெரியவருவது சிங்கப்பூரில், அதுவும் அப்பாவின் கையில்.

2. ஆவணங்கள்: செல்போனில் இருக்கும் படம் போதாது

முதல் தடவை நான் தனியாகப் போனேன். அப்பா, அம்மா இருவரின் பாஸ்போர்ட்டையும் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே தருகிறேன்:

பாஸ்போர்ட், அசலும் நகலும். விசாவின் அச்சுப் பிரதி. டிக்கெட்டின் அச்சுப் பிரதி. பான் கார்டு, அசலும் நகலும். அப்புறம் ஏ2 என்ற விண்ணப்பப் படிவம். படிவத்தைக் கடையிலேயே கொடுப்பார்கள், பயணம் போகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மகளின் கையெழுத்து செல்லாது.

பான் கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 100 டாலர் வாங்கினாலும் பான் கட்டாயம். வருமான வரி கட்டுகிறவரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அம்மாவிடம் பான் இல்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தேவைப்படவே இல்லை. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வருமான வரித் துறையின் தளத்திலேயே ஆதாரை வைத்து இலவசமாக மின்னணு பான் எடுக்கலாம், சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும், ஆதாரில் பிறந்த தேதி முழுமையாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருந்தது. அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் இப்படித்தான். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதாரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பான் இருப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு: நம்ம ஊர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பான் கார்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும், டிக்கெட்டில் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். எங்கள் அப்பாவுக்கு மூன்றிலும் மூன்று விதம். ஆதாரையும் சேர்த்துக் காட்டிய பிறகு கடைக்காரர் ஒப்புக்கொண்டார். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்துபோன பான் எண்ணாக இருந்தாலும் வேலை நின்றுவிடும்.

3. யார் பெயரில், எவ்வளவு, எந்த நாட்டுப் பணம்

ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டாக எடுத்துப்போகக் கூடியது பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை. அதற்கு மேல் வேண்டுமானால் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஈரான், ரஷ்யா மாதிரி சில நாடுகளுக்கும் ஹஜ், உம்ரா பயணத்துக்கும் இதில் விலக்கு உண்டு. எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் என்று ஒரு வரம்பும் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதேபோல நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பயணச் செலவுப் பணத்துக்கு டி.சி.எஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடிப்பார்கள். பிள்ளையின் படிப்புக்காக ஏற்கெனவே பெரிய தொகை அனுப்பியிருக்கும் பெற்றோர் மட்டும் இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்குத் தெரியாமல் போனது வேறு. இருவர் போனாலும், இருவர் பெயரிலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 800 சிங்கப்பூர் டாலர் ஒருவருடைய வரம்புக்குள் தாராளமாக அடங்கும். அம்மாவின் பானுக்காக நாள் கணக்கில் காத்திருக்காமல், மொத்தத்தையும் அப்பா பெயரிலேயே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். நல்ல முடிவுதான். ஆனால் அதுவே அடுத்த சிக்கலுக்கு வழிவிட்டது.

எந்த நாட்டுப் பணம் என்பதிலும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட், துபாய் திர்ஹாம், அமெரிக்க டாலர் எல்லாம் நம்மூரிலேயே கேட்டு வாங்கக் கூடியவை. வியட்நாம், இந்தோனேசியா மாதிரி நாடுகளுக்கு அமெரிக்க டாலராக எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்வதே வழக்கம். அப்படி எடுத்துப்போகும் டாலர் மடிப்பு, கிறுக்கல், கிழிசல் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும்.

4. பலகையில் இருக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

விலைப் பலகையில் இரண்டு பத்தி இருக்கும், 'பை', 'செல்' என்று. கடை உங்களிடம் வாங்கும் விலை முதலாவது, உங்களுக்கு விற்கும் விலை இரண்டாவது. கிளம்பும்போது உங்களுக்கு வேண்டியது 'செல்'. நான் முதலில் குறைந்த எண்ணைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டு, ஆயிரக்கணக்கில் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இணையத்தில் தேடினால் வரும் விலை வேறு. அது பெரிய சந்தையின் விலை; அந்த விலைக்கு நமக்கு யாரும் நோட்டு தர மாட்டார்கள்.

ஐந்து ரோடு பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒன்றில் சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் 50 காசு, வேறு கட்டணம் இல்லை. இன்னொன்றில் 70 ரூபாய் 10 காசு, சேவைக் கட்டணம் 300. பார்த்தவுடன் இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். 800 டாலருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் இடத்தில் 56,400. இரண்டாவதில் 56,080, கட்டணம் 300, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி 54, ஆக 56,434. நாற்பது காசு குறைவு என்று சொன்ன கடைதான் கடைசியில் அதிகம். அதனால்தான் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் என்று கேட்கச் சொல்கிறேன்.

பணம் மாற்றுவதற்கே தனியாக ஒரு ஜி.எஸ்.டி உண்டு. அதை எந்தக் கடையும் தவிர்க்க முடியாது. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் 18 சதவீதம். அந்தச் சேவை மதிப்பு குறைந்தபட்சம் 250 ரூபாய் என்பதால், எவ்வளவு சின்னத் தொகை மாற்றினாலும் 45 ரூபாய் வரி வந்துவிடும். 56,400-க்கு 101 ரூபாய் 52 காசு ஆனது. இதற்கு மேல் 'பைல் சார்ஜ்' என்று ஏதாவது சேர்த்தால் அது என்ன என்று கேளுங்கள். கேட்டால் குறைப்பார்கள், எங்களுக்குக் குறைத்தார்கள்.

5. பணம் கட்டுவது: முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

இரண்டாவது தடவை. அப்பா, அம்மா, எல்லா அசல்களும், பையில் 57,000 ரூபாய் ரொக்கம். படிவத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டாயிற்று. பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. "50,000-க்கு மேல கேஷ் வாங்கக் கூடாதுங்க மேடம்."

விதி அதுதான். 50,000 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுப் பணம் வாங்கினால் முழுத் தொகையையும் காசோலை, வங்கிப் பரிமாற்றம், கார்டு என்று வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று பிரித்து வாங்கினாலும் தப்ப முடியாது; ஒரே பயணத்துக்கு ஒருவர் வாங்குவதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு 400, அம்மாவுக்கு 400 என்று அவரவர் பெயரில் வாங்கியிருந்தால் ஆளுக்கு 28,200 ரூபாய், ரொக்கமாகவே கட்டியிருக்கலாம். அம்மாவிடம் பான் இல்லாதது இங்கே வந்து நின்றது.

சரி, செல்போனிலிருந்து அனுப்பிவிடலாம் என்று கடையின் கணக்கைப் புதிதாகச் சேர்த்தேன். பல வங்கிகளில் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரத்தில் பெரிய தொகை அனுப்ப விட மாட்டார்கள். என் வங்கியும் விடவில்லை. அதற்குள் கடைக்காரர் இன்னொன்றையும் சொன்னார்: பணம் பயணம் போகிறவரின் கணக்கிலிருந்தே வர வேண்டுமாம், என் கணக்கிலிருந்து வந்தால் ஏற்க மாட்டார்களாம். மகன், மகள் கணக்கிலிருந்து வந்தால் உறவுக்கு ஆதாரம் வாங்கிக்கொண்டு ஏற்கும் இடங்களும் உண்டு என்கிறார்கள். நான் போன இடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு நெட்பேங்கிங் கிடையாது. செக் புத்தகம் ஏற்காட்டில், பீரோவுக்குள்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கே 700 டாலர் மட்டும் வாங்கியிருந்தால் 49,350 ரூபாய்தான், ரொக்கமாகவே முடிந்திருக்கும். மீதி 100 டாலரை அக்கா கொடுத்திருக்க மாட்டாளா? 800 என்று தீர்மானித்துப் போனதால் அது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. அம்மா மட்டும், இதற்குத்தானா என்னை இந்த வளைவெல்லாம் சுற்றிக் கூட்டிவந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது தடவை நடந்ததுதான் சரியான வழி. காலையில் அப்பா ஏற்காட்டில் தன் வங்கிக் கிளைக்குப் போய், கடையின் கணக்குக்குப் பணம் அனுப்ப நெஃப்ட் (வங்கிப் பரிமாற்றம்) படிவம் எழுதிக் கொடுத்தார். கடையில் பணம் வந்து சேர்ந்ததைப் போனில் உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினோம், அப்பாவும் நானும் மட்டும். பணம் அனுப்பும் முன் அன்றைய விலையைச் சொல்லி, இந்த விலைக்கே தருவோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் பணம் கைக்கு வந்த பிறகுதான் விலையை உறுதி செய்வார்கள். காசோலை கொடுத்தால் அது கணக்கில் ஏறும்வரை டாலர் கிடைக்காது.

6. எப்போது வாங்குவது

பயணத்துக்கு 60 நாளுக்குள்தான் வாங்க முடியும். விலை குறையட்டும் என்று கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். 800 டாலருக்கு விலை 20 காசு இறங்கினால் மிச்சம் 160 ரூபாய். இன்னொரு தடவை சேலம் போய்வந்தால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய், புதன் மாதிரி வாரத்தின் நடுவில், காலையிலேயே போங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது என்பது நினைவிருக்கட்டும். ஏற்காட்டுக்காரர்கள் கோடை விழா சமயத்தையும், கனமழை பெய்து மலைப்பாதையில் மண் சரியும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று சேலத்துக்காரர்கள் நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் காமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் மட்டும்தான். வெளிநாட்டு விமானத்துக்குத் திருச்சி, கோவை, பெங்களூரு, சென்னை என்று எங்கேயாவது போக வேண்டும். அங்கே கவுண்டர் இருக்கும், விலைதான் கசக்கும். அவசரத்துக்கு 50 டாலர் வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

7. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்

எங்களுக்கு வந்தது 16 தாள், எல்லாமே 50 டாலர். இறங்கியவுடன் ஒரு காப்பி குடிக்க 50 டாலர் நோட்டையா நீட்டுவது? கேட்டதும் இரண்டு தாளை எடுத்துக்கொண்டு பத்தும் ஐந்துமாகக் கொடுத்தார். சில்லறை வேண்டும் என்று போனிலேயே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள்.

அவர்கள் மிஷினில் எண்ணினாலும் நீங்கள் கையால் ஒரு தடவை எண்ணுங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதில் பெயர், பாஸ்போர்ட் எண், விலை, வரி எல்லாம் சரியா என்று பாருங்கள். அந்த ரசீதை டாலரோடு சேர்த்து வைக்காமல் தனியாக வையுங்கள், திரும்பி வந்த பிறகும் வேண்டியிருக்கும்.

இந்திய ரூபாயும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஒருவர் 25,000 வரை எடுத்துப்போகலாம். ராத்திரி திருச்சியில் வந்து இறங்கி, நாமக்கல் வழியாக ஊர் வந்து சேரும்வரை நம்ம ரூபாய்தானே கைகொடுக்கும்.

8. கார்டு பற்றிக் கொஞ்சம்

பிள்ளை வீட்டுக்குப் போகும் பெரியவர்களுக்குக் கையில் நோட்டும் அவசரத்துக்கு ஒரு வங்கிக் கார்டும் போதும் என்பது என் கட்சி. மாணவர்களும் ஊர் சுற்றப் போகிறவர்களும் அந்த நாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கலாம். அதே கடையில் அதே ஆவணங்களைக் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் வேறு நாட்டில் தேய்த்தால் மாற்றுக் கட்டணமும், ஏடிஎம்மில் எடுத்தால் தனிக் கட்டணமும் உண்டு.

சாதாரண டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் அதைத் திறக்க வேண்டும். கிளம்பும் முன் இங்கேயே செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு ஓடிபி வராமல் திண்டாட வேண்டியிருக்கும். கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா டாலரிலா என்று மிஷின் கேட்டால் டாலரைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை.

9. திரும்பி வந்த பிறகு

மிச்சமானதை 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக நீங்களே வைத்துக்கொள்ளலாம், அடுத்த பயணத்துக்கு ஆகும். விற்பதானால் இந்தத் தடவை பலகையில் 'பை' பத்தியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டையும் பழைய ரசீதையும் எடுத்துப் போங்கள். 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் ரூபாயாகத் தருவார்கள், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். நாணயங்களைப் பொதுவாக யாரும் வாங்குவதில்லை, விமானம் ஏறுவதற்கு முன் செலவழித்துவிடுங்கள்.

அப்பா 130 டாலர் மிச்சம் கொண்டுவந்தார். நான்காவது தடவையாக மலையிறங்கினேன். கடைக்காரர் எண்ணிக்கொண்டே வந்து, ஒரு பத்து டாலர் தாளை மட்டும் பிரித்து வெளியே வைத்தார். சிங்கப்பூர் நோட்டுகளில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படம் இருக்கும். இதில் இருந்தவர் வேறு, புருனே சுல்தான். புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் அங்கே சரிக்குச் சரி செல்லும், ஏதோ ஒரு கடையில் சில்லறையோடு வந்திருக்கிறது. சேலத்தில் அதை வாங்க ஆளில்லை. 120 டாலருக்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை அக்காவிடம் போகப்போகும் அடுத்த ஆளுக்காகப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.